“யாரு வூட்டுக்கு வந்தீங்க?”: பாரதக் கூத்தில் முதல்முறைப் பார்வையாளரின் இடம்

1. கேள்வியும் களமும்

பார்வையாளரை நாற்காலியிலிருந்து எழுப்பி நாடகத்துக்குள்ளேயே நடமாட விடும் அரங்குக்கு ‘இம்மர்சிவ் தியேட்டர்’ என்ற பெயர் இன்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் அதை அமிழ்வு அரங்கு என்று குறிக்கிறேன். இதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு ‘ஸ்லீப் நோ மோர்’. ஃபெலிக்ஸ் பாரெட் 2000-இல் தொடங்கிய பஞ்ச்டிரங்க் என்ற பிரிட்டிஷ் குழு ஷேக்ஸ்பியரின் மெக்பத்தை எடுத்து உருவாக்கிய படைப்பு அது. நியூயார்க்கில் 2011 முதல் 2025 ஜனவரி வரை ஓடியது. ஒரு கிடங்குக் கட்டடத்தைப் பழைய ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். பார்வையாளர் வெள்ளை முகமூடி அணிந்துகொள்ள வேண்டும், பேசக் கூடாது, எந்த மாடிக்கும் போகலாம், எந்த நடிகரின் பின்னாலும் ஓடலாம், மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தைப் படிக்கலாம்.

தமிழில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், “இதெல்லாம் நம்ம கூத்திலேயே இருக்கிறதே” என்ற பதிலும் கூடவே வருகிறது. அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்பவர் பெரும்பாலும் கூத்தை வெளியிலிருந்து பார்த்தவராக இருக்கிறார் என்பதும், அவர் அதற்குள் அமிழ்ந்தாரா என்று யாரும் கேட்பதில்லை என்பதும் உறுத்தலானவை. எனவே கேள்வியை இப்படிக் கேட்கலாம்: பாரதக் கூத்துக்கு முதல்முறையாகப் போகிற ஒருவர் அதற்குள் அமிழ்கிறாரா? அமிழ்கிறார் என்றால் எதனால்? இல்லை என்றால் எது தடுக்கிறது?

களம், சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றிய தொண்டை மண்டலத்துப் பகுதி. ஜி.எஸ்.டி. சாலையில் இந்த ஊரில் நின்றால் மேற்கே ஒரகடத்துத் தொழிற்சாலைகள், தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியும் செங்கல்பட்டும், கிழக்கே திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரை. திரௌபதி அம்மன் கோயில்களும் அவற்றையொட்டிய கூத்தும் செழித்த வட தமிழகத்தில் இதுவும் ஒரு பகுதி. பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை, ‘அக்னி வசந்த விழா’ என்று தலைப்பிட்ட நோட்டீஸ்கள் இந்தப் பக்கத்து டீக்கடைச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்படுகின்றன. எந்தத் தேதியில் எந்தக் கூத்து, எந்த நாடக சபா, யார் உபயம் என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். அதே தெருக்களில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் திருநெல்வேலியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள். கூத்தை முதல்முறை பார்க்கப்போகிறவர்கள் இவ்வளவு பேர் குடியிருக்கும் கூத்து வட்டாரம் வேறு அதிகம் இருக்காது. கேள்வியை இங்கே வைத்துக் கேட்பதற்கு அதுவே காரணம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

அமிழ்வைப் பற்றிய விளக்கங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, இடம் சார்ந்த விளக்கம். அமெரிக்க நாடகக்காரரான ரிச்சர்ட் ஷெக்னர் 1968-இல் எழுதிய கட்டுரையிலும் 1973-இல் வந்த நூலிலும், நடிகருக்கும் பார்வையாளருக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவதைக் கைவிட்டு, முழு இடத்தையும் நிகழ்வுக்குத் திறந்துவிட வேண்டும் என்றார். பின்னர் அவர் விரிவாக ஆராய்ந்த ராம்நகர் ராமலீலையில் அயோத்தி ஓரிடம், இலங்கை வேறிடம். ஒரு மாத காலம் கூட்டம் கதையோடு சேர்ந்து நடக்கிறது. வங்க நாடகக்காரர் பாதல் சர்க்காரின் மூன்றாம் அரங்கும் இதே திசையில் மேடையைத் துறந்தது. 1980-இல் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரும் உந்துதலாக அமைந்தது. இந்த விளக்கத்தின் சாரம் அண்மை: தூரம் குறைந்தால் அமிழ்வு கூடும்.

இரண்டாவது, சடங்கு சார்ந்த விளக்கம். திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளும், ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-இல் வெளியிட்ட தெருக்கூத்து ஆய்வும் கூத்தைக் கோயில் சடங்கிலிருந்து பிரிக்காமல் படித்தன. நடிகர்மேல் பாத்திரம் இறங்குவது, ஆவேசம், தீமிதி ஆகியவை இவற்றில் முதலிடம் பெற்றன. இங்கே அமிழ்வு என்பது ஒருவகை மயக்கம்: வேஷம் என்ற நினைவு மறையும் நிலை.

மூன்றாவது, பழக்கம் சார்ந்த விளக்கம். கூத்துப்பட்டறையை 1977-இல் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைச் சடங்கின் மிச்சமாகப் பார்க்காமல் தேர்ந்த அரங்கக் கலையாகப் பார்க்கச் சொன்னார். ஹன்னா டி புரூய்ன் 1999-இல் வெளியிட்ட நூலில், கூத்து எந்த அச்சிலும் உறையாத, சூழலுக்கேற்ப வளைந்துகொடுக்கும் தொழில்முறை அரங்கு என்று நிறுவினார். இவர்கள் இருவரும் தரும் பாடத்திலிருந்து, கூத்தின் சுவை அடவையும் பாட்டையும் கதையையும் அறிந்த ரசிகருக்கே முழுதாகத் திறக்கும் என்ற முடிவுக்குப் பலர் வந்திருக்கிறார்கள்.

இந்த விவாதத்துக்குப் பழந்தமிழ் மரபிலும் வேர் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய இளம்பூரணர், செய்வோனிடம் நிகழ்வது காண்போரிடம் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்ற கருத்தைச் செயிற்றியம் என்னும் நாடக நூலிலிருந்து எடுத்துக்காட்டுகிறார். காண்பவர் சும்மா இருப்பவர் என்ற எண்ணத்தை 2008-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் ரான்சியேர் மறுத்தபோது சொன்னதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை: பார்ப்பதும் ஒரு செயல்தான். எனவே, பார்வையாளர் எழுந்து நடந்தால்தான் அமிழ்வு என்ற முடிவை ஆரம்பத்திலேயே ஏற்க வேண்டியதில்லை. அண்மை, மயக்கம், பழக்கம் மூன்றையும் கூத்துக் களத்தில் வைத்துச் சோதிக்கலாம்.

3. அண்மை: ஊரே களமாகும்போது

தமிழருக்கு மேடை புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்து, மூன்று வகைத் திரைகளையும் சொல்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவும், கம்பெனி நாடகங்களும் ஐரோப்பிய பாணிப் படச்சட்ட மேடையையும் டிக்கெட்டையும் பழக்கமாக்கின. கூத்து இவற்றின் பக்கத்திலேயே, இவற்றுக்கு வெளியே இருந்தது. பின்புறம் ஒரு பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், மற்ற மூன்று பக்கமும் பாய் விரித்த ஜனம், நடுவே மண்தரை. அதுதான் களரி.

விழா முற்றும்போது இந்தக் களரியும் போதாமல் போகிறது. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். இருந்தாலும் பொதுப் போக்கு ஒன்று உண்டு. பகாசுர வதத்தன்று பீமன் சோற்று வண்டியில் தெருத்தெருவாக வருகிறான். விராட பருவத்து மாடுபிடிச் சண்டைக்குச் சில ஊர்களில் உண்மையான மாடுகளையே ஓட்டி வருகிறார்கள். அர்ச்சுனன் தபசுக்கு ஊர்ப் பொதுவிடத்தில் உயரமான மரம் நட்டு, படிக்கட்டை கட்டி, உச்சியில் பரண் அமைக்கிறார்கள். அர்ச்சுன வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, பரணிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, வில்வ இலை, விபூதி என்று கீழே வீசுகிறார். கீழே ஈரச் சேலையோடு பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் மடி ஏந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். சிவனை நோக்கிக் கதையில் அர்ச்சுனன் செய்யும் தவத்தின் பலன் இந்த ஊரில், இந்த மடியில் வந்து விழ வேண்டும் என்பது ஏற்பாடு.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தோடு இதை ஒப்பிடுவது பயன்தரும். ஒற்றைக் காலில் நின்று கைகளை மேலே தூக்கித் தவம் செய்யும் உருவம் அர்ச்சுனனா பகீரதனா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. ஊர்வழக்கில் அது அர்ச்சுனன் தபசு. பாண்டவரோடு தொடர்பில்லாத ஒற்றைக்கல் கோயில்களுக்குத் தருமராஜ ரதம், திரௌபதி ரதம் என்று பெயர் வைத்ததும் அதே பாரதப் பழக்கம்தான். அந்தப் பழக்கம் மிகத் தொன்மையானது: காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்கிறது. பல ஆண்டுகள் சுற்றுலாத் துறையின் மாமல்லபுர நாட்டிய விழா இந்தத் தபசுப் பாறையையே பின்னணியாகக் கொண்டு நடந்தது. முன்னால் மேடை, அதற்கு முன்னால் வரிசை நாற்காலி, பின்னால் விளக்கொளியில் பாறை. ஒரே கதை ஓரிடத்தில் பின்திரை; ஓரிடத்தில் ஏறி இறங்கும் மரம்.

இதுவரை அண்மை விளக்கம் வெல்வதுபோலத் தெரிகிறது. ஆனால் துரியோதனன் வீழும் காட்சியான படுகளத்தன்று காலையில் அது தடுமாறுகிறது. அன்று களத்துக்கு மிக அருகில் நிற்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கேமராவோடு வந்த வெளியூர்க்காரர்தான். மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தலைமாட்டில், வேஷக்காரரின் கட்டை ஆபரணம் இடிக்கும் தூரத்தில் நிற்கிறார். எல்லோரையும்விடக் குறைவாக அந்த நாடகத்துக்குள் இருப்பவரும் அவரே. பத்தடி தள்ளிக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அங்கிருந்து சரியாகத் தெரிவதுகூட இல்லை. ஆனால் அவர் அழுகிறார். தூரத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

4. மயக்கம்: எதையும் மறைக்காத நாடகம்

மேற்கத்திய அமிழ்வு அரங்கு தன் செய்நேர்த்தியை ஒளித்துவைக்கிறது. நியூயார்க் கட்டடத்தின் அறைகளில் மணம், தூசி, கையெழுத்துக் கடிதம் என எல்லாமே ‘இது உண்மை’ என்று சொல்வதற்காக அமைந்தவை. கூத்து இதற்கு நேர்மாறானது. திரைப் பிரவேசத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்; அவர்கள் பேண்ட் சட்டையில் இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. துணிக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் தெரிய, உள்ளே இருக்கும் ராஜா தன்னையே படர்க்கையில் வைத்து, ‘இன்னார் வருகிறார்’ என்று பாடிக்கொள்கிறார். திரை விலகியதும் கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியங்காரன் “யாருய்யா நீங்க?” என்று கேட்கிறான். துரியோதனன் வீரம் பேசிக்கொண்டிருக்கும் நட்ட நடுவில் ஆட்டம் நிற்கிறது: இன்ன தெரு இன்னார் மகன் அன்பளிப்பு இவ்வளவு ரூபாய் என்று கட்டியங்காரன் மைக்கில் அறிவித்து வாழ்த்துகிறான். உடனே அஸ்தினாபுரம் விட்ட இடத்தில் தொடங்குகிறது.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தன் காவிய அரங்கில் எதிர்பார்த்த விலக்கம் எல்லாமே இதில் உண்டு. இப்படி இரவெல்லாம் ‘இது வேஷம்’ என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும் அரங்கு, விடிந்தபின் படுகளத்துக்கு வருகிறது.

படுகளத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்திருப்பார்கள். பல ஊர்களில் அது ஒரு வீட்டைவிட நீளம். மீசை, உருட்டிய விழி, கிரீடம், கையில் கதை, எல்லாவற்றுக்கும் வண்ணம். தொடையில் குங்குமம் கரைத்த செந்நீர்ப் பானை புதைத்திருக்கும். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் இந்த உருவத்தின்மேல் ஏறியும் சுற்றியும் துரத்திக்கொள்கிறார்கள். கூட்டம் பிளந்து வழிவிடுகிறது, பிறகு மூடிக்கொள்கிறது. பீமன் தொடையில் அடிக்க, பானை உடைந்து செந்நீர் தெறிக்கிறது. சபதத்தில் அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல் அந்தச் செந்நீரால் முடியப்படுகிறது. சில ஊர்களில் ஊர்க்காரர் சிலர் இறந்த இளம்பாண்டவர்களாகத் துணி மூடிப் படுத்திருந்து, அம்மன் அருளால் எழுகிறார்கள். துரியோதனன் வீட்டுப் பெண்களின் சார்பில் அவனுக்காக ஒப்பாரி எழுகிறது. ஒப்பாரி முடியும் முன்பே ஜனம் நெருக்கியடித்து அந்த உருவத்தின் மண்ணை அள்ளுகிறது. வயலிலும் குதிரிலும் போட்டால் விளையும் என்பது நம்பிக்கை. அன்று மாலை தீமிதி.

கதைப்படி வென்றவள் திரௌபதி. ஊர் அவள் பக்கம். அப்படியிருக்க ஒப்பாரி துரியோதனனுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோவது அவன் உடல் மண்ணை. மயக்கத்தில் இருப்பவர் இப்படி இரண்டு பக்கமும் நிற்க முடியாது. ‘இது மண், இது வேஷம், இது துரியோதனன், இது விளைச்சல்’ என்ற நான்கையும் ஒருங்கே அறிந்த நிலை இது. ஆவேசம் வருவோர் உண்டு. அவர்கள் சிலரே, அவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சுற்றி நிற்பவர்கள் முழு நினைவோடுதான் இருக்கிறார்கள். அமிழ்வுக்கு மயக்கம் தேவை என்ற விளக்கம் களத்தின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது.

5. பழக்கம்: தூங்குகிறவரும் மடி ஏந்துகிறவரும்

மூன்றாவது விளக்கம் இவற்றைவிட வலுவானது. விழா நாட்களில் பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தையும் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் கொண்டு கதை சொல்கிறார். இரவு பத்து மணிக்குமேல் அதே கதை கூத்தாகிறது. நேற்று கேட்டதை இன்று பார்க்கிறார்கள். போன விழாவில் பார்த்ததை இந்த விழாவில் ஒப்பிடுகிறார்கள். களரி ஓரத்தில் தூங்குகிறவர்கள் கூத்தை அவமதிப்பவர்களாக முதல்முறை வருபவருக்குத் தோன்றலாம். அவர்களோ துகிலுரிதலுக்குச் சரியாக எழுந்துவிடுகிறார்கள். எங்கே விழித்திருக்க வேண்டும் என்று தெரிந்தவரால்தான் நடுவில் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அப்படியானால் முதல்முறை வருபவருக்குக் கதவு மூடியேவா இருக்கிறது? தபசு மரத்தடியில் ஈரச் சேலையோடு இருந்த பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். அவர் எங்கிருந்தோ வாக்கப்பட்டு வந்தவராக இருக்கலாம். கூத்தே பார்க்காமல் வளர்ந்திருக்கலாம். அடவு தெரியாது, ராகம் தெரியாது, அர்ச்சுனன் பாடும் பாட்டில் பாதி விளங்காது. ஆனாலும் பரணிலிருந்து விழும் ஒரு எலுமிச்சம்பழத்துக்காக அவர் உடம்பு முழுவதும் காத்திருக்கிறது. அன்றிரவு அந்தக் களத்தில் அவரைவிட ஆழமாக அமிழ்ந்தவர் யாரும் இருக்க முடியாது. பழக்கம் சுவையைக் கூட்டுகிறது, ஐயமில்லை. ஆனால் அது அமிழ்வுக்கு நிபந்தனையன்று.

6. பங்கு: வரி, உபயம், காப்பு

மூன்று விளக்கங்களும் ஓரளவுக்குமேல் போகாதபோது, கிழவியையும் மடி ஏந்திய பெண்ணையும் ஒரு பக்கத்திலும் கேமராக்காரரை இன்னொரு பக்கத்திலும் நிறுத்துவது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையின் விடை: அந்த நிகழ்வில் ஒருவருக்கு உள்ள பங்கு. நடிப்பில் சேருவதை இங்கே பங்கு என்று சொல்லவில்லை. நிகழ்வு நன்றாக முடிந்தால் ஒருவருக்கு என்ன கிடைக்கும், கெட்டால் என்ன போகும் என்பதே பங்கு.

கூத்து விழாவின் பொருளாதாரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊர் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறது. இரவுக் கூத்துகளைத் தெருவாரியாகவோ குடும்பவாரியாகவோ உபயமாக ஏற்கிறார்கள். தீமிதிப்பவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருக்கிறார்கள். காப்பு அவிழும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது பரவலான கட்டுப்பாடு. டிக்கெட் தனிமனிதருக்கு ஒரு மாலையை விற்கிறது. வரி ஒரு வீட்டையே நிகழ்வுக்குப் பொறுப்பாக்குகிறது. டிக்கெட் வாங்கியவர் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். வரி கொடுத்த வீட்டுக்காரர் தூங்கலாம், போக முடியாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் முதல்முறை வருபவருக்குக் கூத்தில் மூன்று வாசல்கள் இருப்பது தெரிகிறது.

முதல் வாசல் விருந்து. தீமிதிக்கு உறவுமுறைக்கு அழைப்புப் போகும். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள். களரியருகே புது முகம் தெரிந்தால் எழும் முதல் கேள்வி, “யாரு வூட்டுக்கு வந்தீங்க?” ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல முடிந்தால் பாயில் இடம் நகர்ந்துகொடுப்பார்கள், வேஷக்காரர் யார் மகன் என்பதிலிருந்து கதை சொல்வார்கள். அந்த வீட்டின் பங்கில் விருந்தாளிக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது. இரண்டாம் வாசல் வேண்டுதல்: தபசு மரத்தடிப் பெண்ணும், பிள்ளையைச் சுமந்து தீக்குழி இறங்குபவரும் இதன் வழியே வருகிறார்கள். மூன்றாம் வாசல் வேடிக்கை. இதற்கும் கூத்து இடம் தருகிறது. யாரையும் டிக்கெட் கேட்டு நிறுத்துவதில்லை. ஆனால் இந்த வாசலில் வருபவர் எவ்வளவு முன்னால் போனாலும் ஓரத்திலேயே நிற்கிறார்.

அமிழ்வு அரங்கோடு உள்ள வேறுபாடும் இங்கேதான். ‘ஸ்லீப் நோ மோர்’ மூன்றாம் வாசல்காரருக்கென்றே கட்டப்பட்டது. முகமூடி, “யாரு வூட்டுக்கு வந்தீங்க?” என்ற கேள்வியை எழவே விடாத கருவி. அது எல்லோரையும் ஒரே மாதிரி அந்நியராக்கி, அந்த அந்நியத் தன்மையையே சுதந்திரமாகக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆடம் ஆல்ஸ்டன் 2016-இல் வெளிவந்த நூலில், இவ்வகை அரங்கு பார்வையாளரைத் தன் அனுபவத்தைத் தானே தேடி ஈட்டிக்கொள்ளும் சிறு முதலாளிபோல ஆக்குகிறது என்று விமர்சித்தார். முந்தியவருக்கு நல்ல காட்சி, தயங்கியவருக்கு வெறும் தாழ்வாரம். கூத்தில் முந்துவதால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை.

7. மறுப்புகள்

இந்த முடிவுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு.

முதலாவதும் கடுமையானதும் சாதி. ‘ஊர்’ என்று இதுவரை சொன்ன இடத்தில் ஊர் என்பது யார்? பல கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. வரி யாரிடம் வாங்குவது, சாமி எந்தத் தெருவுக்குப் போவது என்பதெல்லாம் அந்தக் கோட்டின்படியே நடந்துவந்தவை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023-இல் மோதலாக வெடித்து, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைக்கும் அளவுக்குப் போனது. பிறகு நீதிமன்ற உத்தரவின்படியே அது திறக்கப்பட்டது. “யாரு வூட்டுக்கு வந்தீங்க?” என்பது வரவேற்பாக இருக்கும் அதே நேரத்தில் விசாரணையாகவும் இருக்கிறது. பதில் எந்தத் தெருவைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பாய் நகரும், அல்லது நகராது. இந்த இடத்தில் முகமூடியின் பெயரற்ற சமத்துவம் எள்ளி நகையாடக்கூடியதன்று. இதை மறைத்துவிட்டுக் கூத்தைப் ‘பங்கேற்பு அரங்கு’ என்று புகழ்வது ஆய்வாகாது.

இரண்டாவது, பெண்கள். கூத்து மரபில் திரௌபதியும் ஆண்தான். பெண்கள் ஒப்பாரியிலும் வேண்டுதலிலும் தீமிதியிலும் இருக்கிறார்கள். களரியில் வேஷம் கட்டி அல்ல. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முதலானோர் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்தருகே அது நடத்திய குருகுலமும் பெண்பிள்ளைகளுக்குக் கூத்துக் கற்பித்து இதை மாற்றின. பங்கு என்பது பிறப்பால் உறைந்த ஒன்று என்று நினைப்பதற்கு இது நல்ல மறுப்பு. பங்கைப் புதிதாக வகுக்க முடியும்.

மூன்றாவது, பணம். கூத்துக்குழுக்கள் ஊர்முறைக்குக் கட்டுப்பட்டு ஆடிய நிலையிலிருந்து, அட்வான்ஸ் வாங்கி ஆடும் தொழில்முறைக்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டதை டி புரூய்ன் காட்டியிருக்கிறார். ஆகவே ‘அங்கே சந்தை, இங்கே சமூகம்’ என்ற எளிய எதிரிணை பொருந்தாது. உண்மைதான். ஆனால் சந்தையில் குழுவைப் பேசி அமர்த்துவது ஊர். காசு கொடுத்தவர் தனிமனிதராகக் கணக்கில் வருவதில்லை. மாறியது வேஷக்காரருக்கும் ஊருக்கும் உள்ள உறவு. பார்வையாளருக்கும் நிகழ்வுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

நான்காவது, நியூயார்க்கிலும் திரும்பத் திரும்ப வந்த ரசிகர்கள் உண்டு. அவர்கள் வெறும் வேடிக்கைக்காரர்களா? இல்லை. அவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் திரும்பியது விட்டுப்போன அறையைப் பார்க்க. படுகளத்துக்குத் திரும்புகிறவர் தெரிந்ததையே மறுபடி நடத்திவைக்க வருகிறார். தவிர, 2025-இல் அங்கே கதவு மூடியபோது அந்தக் கூட்டத்துக்கு அதைத் தடுக்கும் உரிமை எதுவும் இல்லை. பங்கு இருந்திருந்தால் இருந்திருக்கும்.

8. முடிவு

அமிழ்வு அரங்கு கூத்தில் முன்பே இருக்கிறது என்ற கூற்றை ஒரு திருத்தத்தோடுதான் ஏற்க முடியும். இரண்டும் பார்வையாளரை உள்ளே இழுக்கின்றன. இழுக்கும் கயிறு வேறு. அமிழ்வு அரங்கு இடத்தாலும் புலன்களாலும் இழுக்கிறது. முதல்முறை வருபவர் அதற்கு உகந்த பார்வையாளர். கூத்து பங்கால் இழுக்கிறது. அதில் முதல்முறை என்பது தனியே தடையும் இல்லை, தனியே தகுதியும் இல்லை. எந்த வாசலில் வருகிறார் என்பதே தீர்மானிக்கிறது. அண்மையும் மயக்கமும் பழக்கமும் அமிழ்வின் அளவைக் கூட்டும், குறைக்கும், தொடங்கிவைப்பது பங்கு.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் பிறக்கின்றன. ஒன்று நாடகக்காரர்களுக்கு: கூத்திலிருந்து வட்ட அமைப்பையும் கட்டியங்காரனையும் மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையின் கலை வளாகங்களில் ‘பார்வையாளர் பங்கேற்பு’ செய்வது கூத்தின் வடிவத்தைத் தரும், விசையைத் தராது. வந்தவர் இழப்பதற்கோ பெறுவதற்கோ ஏதாவது இருக்க வேண்டும். அதை வடிவமைப்பது மேடை வடிவமைப்பைவிடக் கடினம்.

மற்றது ஆய்வாளர்களுக்கு: கூத்தைப் பற்றிய ஆய்வுகள் பாட்டையும் வேஷத்தையும் சடங்கையும் நிறையவே பதிவு செய்துவிட்டன. பார்வையாளரைப் பற்றி அறிய இன்னும் போதிய அளவு திறக்கப்படாத ஆவணம் விழாக் கமிட்டியின் வரி நோட்டு. சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றி வயல்கள் மனைகளாகின்றன. வாடகை வீடுகளும் அடுக்குமாடிகளும் எழுகின்றன. அந்த நோட்டில் யார் பெயர் ஏறியிருக்கிறது, யார் கொடுக்க வந்தும் வாங்கப்படவில்லை, புதிதாகக் குடிவந்த ஒரகடத்துத் தொழிலாளியிடம் வரி கேட்கிறார்களா, ‘நன்கொடை’ என்று தனிப் பக்கத்தில் எழுதுகிறார்களா, சேரித் தெருவுக்கு உபய நாள் உண்டா ஆகிய கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும். நன்கொடைப் பக்கத்திலிருந்து தலைக்கட்டுப் பக்கத்துக்கு ஒரு பெயர் மாறும் ஆண்டில்தான் முதல்முறைப் பார்வையாளர் ஒருவர் கூத்துக்குள் வந்துசேர்கிறார்.